இளைஞரும் எளிய கவிதையும்

“கவிதை எமக்கு விளங்காது” என்று கூறும் மாணவர் பலர். அவர்களை யாம் நோவதில்லை. கவிதை அவர்தம் கையில் வந்து சேர்ந்த வழியையே நோகின்றோம். பதம் பிரித்தல், பொழிப்புரைத்தல், அணி இன்னதெனக் காட்டல், ஆசிரியர் வரலாறு எழுதல் என்னும் நான்கும் முடிந்து, பரீட்சைப் புள்ளியும் கிடைத்துவிட்டால் பாட்டை மறந்துவிடுதல் வழக்கமாயிற்று. இப்பயிற்சி வேண்டாததன்று, பழைய இலக்கியத்தைக் கற்பதற்கு இஃது இன்றியமையாததே. ஆயினும், சுவையை அறியுமுன்னரே உறுப்புக்களை எண்ணப் பழகிய பிள்ளை பாட்டென்றதும் அஞ்சுதல் இயல்பன்றோ?

இவ்வச்சத்தால் விளையும் நட்டம் சிறிதன்று. தன் ஊரின் வாழ்வைத் தன் மொழியில் அண்மைக் காலத்திலே பாடியவர்களை அறியாத இளைஞன், தனக்கு ஓர் இன்பமோ துன்பமோ நேருங்கால் அதனைச் சொல்லுதற்குரிய சொல்லின்றி நிற்பான். ஆதலின், ஈழத்து இக்காலக் கவிதையினுள் எளிதிற் புகத்தக்க வாயில்கள் சிலவற்றை நம் மாணவர்க்கு ஈண்டுக் காட்ட விழைகின்றோம்.

முதலாவது வாயில் நகைச்சுவை. அளவெட்டியிற் பிறந்த து. உருத்திரமூர்த்தி (1927–1971) ‘மகாகவி’ என்னும் புனைபெயரால் அறியப்படுபவர். அவருடைய ‘குறும்பா’ 1966 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. ஆங்கிலத்தில் லிமெரிக் எனப்படும் ஐந்தடிப் பாட்டைத் தமிழ் யாப்புக்கு இணங்க அமைத்துக்கொண்டதே குறும்பா. முதலாம், இரண்டாம், ஐந்தாம் அடிகள் ஒரே இயைபுடன் முடியும். இடையிலுள்ள இரண்டும் குறுகி விரைந்து செல்லும். அவ்விரைவினால் ஐந்தாம் அடியில் வந்து விழும் திருப்பம் நம்மைச் சிரிக்க வைக்கும். சிரித்தபின் சிந்திக்கவும் வைக்கும். எதுகையும் இயைபும் இன்னவை என்று சூத்திரத்தால் அறியாத சிறுவனும் அவற்றைச் செவியால் அறிந்துகொள்வான்.

இரண்டாவது வாயில் பேச்சோசை. யாப்பைக் கைவிட்டமையாலேயே புதிய கவிதை எளிதாயிற்று என்று கருதுவார் உளர். அது முற்றும் பொருந்தாது. மகாகவியும், விஞ்ஞானப் பட்டதாரியான இ. முருகையனும் (1935–2009) பழைய யாப்பு வகைகளை நன்கு கையாண்டவர்கள். அவர்கள் செய்த புதுமை யாது? ஒருவர் பேசும்போது மூச்சு எங்கே நிற்குமோ, பொருள் எங்கே முடியுமோ, அவ்விடங்களில் வரியை முறித்தார்கள். சீர் அடியின் நடுவில் வாக்கியம் முடியும். அடுத்த வாக்கியம் அங்கேயே தொடங்கும். யாப்பு உள்ளே நிற்க, மேலே மனிதர் ஒருவரின் குரல் கேட்கும். ஆதலால், இத்தகைய பாட்டைக் கண்ணால் மட்டும் படித்தல் போதாது. வாய்விட்டுப் படித்தல் வேண்டும்.

மூன்றாவது வாயில் கதை. கீழ்மாகாணத்துப் பெரியநீலாவணையைச் சேர்ந்த ஆசிரியர் நீலாவணன் (1931–1975) மட்டக்களப்புப் பகுதி உழவரின் வாழ்வை ‘வேளாண்மை’ என்னும் நெடும்பாட்டிற் பாடினார். அவர் மறைந்தபின் 1982 இல் அது நூலாயிற்று. கடற்றொழிலாளர் குடும்பம் ஒன்றின் கதையைக் கூறும் மகாகவியின் ‘புதியதொரு வீடு’ பாநாடகமாகும். கவிதை வாசிக்கக் கூசும் மாணவனுக்கு அந்நாடகத்தில் ஒரு பாத்திரத்தைக் கொடுத்துப் பாருங்கள். கூச்சம் தானே அகலும்.

நான்காவது வாயில் சற்றுக் கனமானது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதை எம். ஏ. நுஃமான் ‘புத்தரின் படுகொலை’ என்னும் கவிதையிற் பாடினார். 1985 இல் ‘மரணத்துள் வாழ்வோம்’ என்னும் தொகுதியும், 1986 இல் பெண் கவிஞர்களின் ‘சொல்லாத சேதிகள்’ என்னும் தொகுதியும் வெளிவந்தன. இவற்றிற் பல, அகராதி வேண்டாத எளிய சொற்களால் ஆயவை. ஆனால், சொல் எளிதாயிருத்தல் வேறு. பொருள் இலேசாயிருத்தல் வேறு. இவ்வேறுபாட்டை உணர்ந்த மாணவனே கவிதையை உணரத் தொடங்கியவன்.

எளிய கவிதையிற் பழகியவர் கம்பனை நாடார் என்று பெரியோர் சிலர் ஐயுறுவர். எம் கருத்து வேறு. இன்றைய பாட்டில் மனிதக் குரலைக் கேட்டறிந்த செவியே கம்பனின் விருத்தத்திலும் அக்குரலைத் தேடிச் செல்லும். அக்குரலை எங்குமே கேளாதவனுக்குக் கம்பனும் ஒரு பரீட்சை வினாவாகவே எஞ்சுவான்.

ஆசிரியர்களுக்கு எம் விண்ணப்பம் இது: கிழமைக்கு ஒரு கவிதையை வகுப்பில் இருமுறை உரக்கப் படியுங்கள், உரை கூறாதீர்கள். “எவ்விடத்தில் உன் மனம் நின்றது?” என்று மட்டும் கேளுங்கள். பிடிக்கவில்லை என்று மாணவன் கூறுவானாயின், அதற்கும் இடம் கொடுங்கள். காரணம் கூறி ஒன்றை வெறுப்பவனும் அதனை வாசித்தவனே.

மாணவர்களே, நூல் கிடைக்கவில்லை என்று வாளா இராதீர்கள். 1984 இல் வெளிவந்த ‘பதினொரு ஈழத்துக் கவிஞர்கள்’ என்னும் தொகுப்பு தொடக்கத்துக்கு ஏற்றது. மேலும், 2005 இல் தொடங்கப்பெற்ற ‘நூலகம்’ என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்கள் பலவற்றை யாவரும் கட்டணமின்றி வாசிக்க வைத்துள்ளது. எரிந்த நூல்களை எண்ணி வருந்திய சமூகத்துக்கு அஃது ஓர் ஆறுதல். ஆயினும், காக்கப்பட்ட நூலும் திறந்து படிப்பாரின்றேல் இழந்த நூலுக்கு ஒப்பாகும்.

பழைய மாணவர்களாகிய நாம் விழா எடுத்து மகிழும் இவ்வாண்டில், ஒவ்வொருவரும் ஒரு கவிதை நூலைக் கல்லூரி நூல்நிலையத்துக்கு அளிப்போமாக. வெறுமனே அளியாது, நம் மனங்கவர்ந்த பக்கத்தில் ஓர் அடையாளச் சீட்டை வைத்து அளிப்போமாக. முன்பின் அறியாத ஒரு சிறுவன் என்றோ ஒருநாள் அப்பக்கத்தைத் திறந்து, தனக்குள் மெல்லப் படித்துப் பார்ப்பான். அவன் மீண்டும் ஒருமுறை அதனைப் படிப்பானாயின், நம் கொடை பயன்பெற்றதாகும்.