உண்மை வந்துசேர 38 வருடம்

எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு ஒருவரை உள்ளே அனுப்பும் முன் நாங்கள் கட்டாயம் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உடம்புக்குள் எங்காவது இரும்புத் துண்டு இருக்கிறதா? காந்தத்தின் இழுப்பில் அது நகர்ந்துவிட்டால் ஆபத்து. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் எழுபதைத் தாண்டிய சிலரிடம் இதைக் கேட்டால், "இருக்கு, இடது தொடையில்" என்று சாதாரணமாகச் சொல்வார்கள். எப்போது ஏறியது என்றால் வருடத்தை மட்டும் சொல்வார்கள்: 1972. நாகர்கோவிலிலிருந்து ரேடியோகிராபர் வேலைக்கு வந்தவள் நான். அந்த வருடத்தைத் தெரிந்துகொள்ளாமல் இந்த ஊரில் வேலை பார்ப்பது முறையாகப் படவில்லை.

வட அயர்லாந்தின் 30 வருட மோதலில் 3,500 பேருக்கும் மேல் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 480 பேர் இறந்தது அந்த ஒரே வருடத்தில். அப்போது அங்கே மொத்த மக்கள்தொகையே 15 லட்சம்தான்.

1921-ல் அயர்லாந்தைப் பிரித்தபோது வடக்கே ஆறு மாவட்டங்கள் பிரிட்டனோடு தங்கின. அங்கே புராட்டஸ்டன்டுகள் பெரும்பான்மை, அவர்கள் பிரிட்டனோடு இருக்க விரும்பினார்கள். சிறுபான்மைக் கத்தோலிக்கர்களில் பலர் ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்பினார்கள். இதை மதச் சண்டை என்று சுருக்கிவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. நகராட்சி வீடு யாருக்கு, வேலை யாருக்கு, உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டு யாருக்கு என்ற கேள்விகள்தான் 1968-ல் கத்தோலிக்கர்களைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. 1969-ல் பிரிட்டிஷ் ராணுவம் இறங்கியது. 1971 ஆகஸ்டில் விசாரணையே இல்லாமல் ஆட்களைச் சிறையில் அடைக்கத் தொடங்கினார்கள்.

அதை எதிர்த்துத்தான் 1972 ஜனவரி 30, ஞாயிற்றுக்கிழமை, டெரி நகரில் தடையை மீறி ஊர்வலம் போனார்கள். பிரிட்டிஷ் ராணுவத்தின் பாராசூட் ரெஜிமென்ட் சுட்டதில் அன்றே 13 பேர் இறந்தார்கள். அவர்களில் ஆறு பேருக்கு வயது 17. காயம்பட்ட இன்னொருவர் சில மாதங்கள் கழித்து இறந்தார். குண்டு பட்ட பையன் ஒருவனை நாலைந்து பேர் தூக்கிவர, எட்வர்ட் டேலி என்ற பாதிரியார் ரத்தக்கறை படிந்த வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டியபடி குனிந்து முன்னே நடக்கும் படம் உலகமெங்கும் போனது.

சுட்டது ஒரு கொடுமை. அதற்குப் பின் அரசு செய்தது அதைவிடப் பெரிய கேடு என்பேன். தலைமை நீதிபதி விட்ஜரி பிரபு பதினோரே வாரத்தில் அறிக்கை கொடுத்தார். சில வீரர்கள் சுட்டது கண்மூடித்தனத்தை ஒட்டியிருந்தது என்ற அளவில் நிறுத்திக்கொண்டு, இறந்தவர்களில் சிலர் ஆயுதமோ வெடிகுண்டோ கையாண்டிருக்கலாம் என்ற சந்தேகத்தை அவர்கள்மேலேயே போட்டார். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு, உன் பிள்ளை குண்டு வீசியவன் என்று சட்டத்தின் பெயரால் சொல்லி அனுப்பினார்கள். நீதிமன்றத்தின்மேல் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது. ஒன்றுபட்ட அயர்லாந்துக்காக ஆயுதம் ஏந்திய ஐ.ஆர்.ஏ. இயக்கத்தில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள்.

பழிக்குப் பழி உடனே தொடங்கியது. பிப்ரவரி 22-ல் இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட் ராணுவக் குடியிருப்பில் அதிகாரபூர்வ ஐ.ஆர்.ஏ. என்ற பிரிவு குண்டு வைத்தது. இலக்கு அதே பாராசூட் ரெஜிமென்ட். செத்தது வேலைக்கு வந்த ஐந்து பெண்கள், ஒரு தோட்டக்காரர், ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். மார்ச் மாதம் வட அயர்லாந்தின் உள்ளூர் ஆட்சியை நிறுத்திவிட்டு லண்டன் நேரடியாக ஆளத் தொடங்கியது. ஆட்சி பறிபோன கோபத்தில் புராட்டஸ்டன்ட் ஆயுதக் குழுக்கள் பெருத்தன. வழியில் போகும் கத்தோலிக்கரைப் பிடித்துக் கொல்வது அந்த வருடம் வழக்கமாகவே ஆனது.

நடுவில் ஒரு வாய்ப்பும் வந்தது. ஜூன் 26-ல் ஐ.ஆர்.ஏ.வின் போர்நிறுத்தம் தொடங்கியது. ஜூலை 7-ல் அதன் தலைவர்களை ரகசியமாக விமானத்தில் லண்டனுக்குக் கூட்டிப்போய், செல்சியில் ஒரு வீட்டில் அமைச்சர் வில்லியம் வைட்லாவுடன் உட்காரவைத்தார்கள். பேச்சுக் குழுவில் 22 வயது மார்ட்டின் மெக்கின்னஸும் இருந்தார். 1975-க்குள் வெளியேறுவதாக அறிவியுங்கள் என்றது ஐ.ஆர்.ஏ.; முடியாது என்றது லண்டன். இரண்டே நாளில் போர்நிறுத்தம் முறிந்தது. சமாதான உடன்பாடு 1998-ல்தான் வந்தது. அதன்பின், 2007-ல், அதே மெக்கின்னஸ் துணை முதலமைச்சராகி ஆட்சியில் அமர்ந்தார்.

ஜூலை 21, வெள்ளிக்கிழமை. பெல்ஃபாஸ்டில் ஒன்றேகால் மணி நேரத்துக்குள் ஐ.ஆர்.ஏ. வைத்த ஏறத்தாழ 20 குண்டுகள் வெடித்தன. ஆக்ஸ்ஃபோர்டு தெரு பேருந்து நிலையத்தில் ஆறு பேர், கேவ்ஹில் சாலைக் கடைகளுக்கு முன் மூன்று பேர் இறந்தார்கள். அந்த மூவரில் ஒருவன் 14 வயதுச் சிறுவன். குண்டு இருக்கும் காரைக் கண்டுகொண்டு, கடைக்காரர்களை எச்சரிக்க ஓடியவன் அவன். 130 பேருக்குக் காயம். முன்கூட்டியே தொலைபேசியில் எச்சரித்தோம், பிரிட்டிஷ் தரப்புதான் கவனிக்கவில்லை என்றது ஐ.ஆர்.ஏ. ஒரே நேரத்தில் இருபது இடம், இடையே பொய் அழைப்புகள் வேறு. ஒரு இடத்திலிருந்து கலைந்து ஓடியவர்கள் அடுத்த குண்டின் வாயிலேயே போய் நின்றார்கள். இதை எச்சரிக்கை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. குடும்பங்களிடம் அந்த இயக்கம் மன்னிப்புக் கேட்டது 2002 ஜூலையில், சரியாக 30 வருடம் கழித்து.

பத்து நாள் கழித்து கிளாடி என்ற கிராமத்தில் மூன்று கார் குண்டுகள் வெடித்தன. வைத்தவர்கள் எச்சரிக்கப் போனார்கள், ஆனால் பக்கத்து ஊர்த் தொலைபேசிகள் வேலை செய்யவில்லை. தொலைபேசி நிலையமே முந்தைய குண்டுவெடிப்பில் பழுதாகியிருந்தது. இறந்த ஒன்பது பேரில் ஒருத்தி, வீட்டுக் கடையின் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்த எட்டு வயதுச் சிறுமி. இதில் ஜேம்ஸ் செஸ்னி என்ற பாதிரியாருக்குத் தொடர்பு இருப்பதாகப் போலீஸ் சந்தேகித்தது. ஆனால் கைது செய்யவில்லை. அமைச்சரும் கர்தினாலும் பேசினார்கள், பாதிரியார் எல்லைக்கு அப்பால் மாற்றப்பட்டார். இது மக்களுக்கு விவரமாகத் தெரிந்தது 2010-ல்தான்.

டிசம்பரில் பெல்ஃபாஸ்டின் டிவிஸ் குடியிருப்பிலிருந்து ஜீன் மெக்கான்வில் என்ற பெண்ணை ஐ.ஆர்.ஏ. இழுத்துப் போனது. கணவரை இழந்தவர், பத்துக் குழந்தைகளின் தாய். உளவு சொன்னார் என்றார்கள். அதற்கு ஆதாரமே இல்லை என்று பின்னாளில் போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கும் அதிகாரி அறிவித்தார். குழந்தைகள் விடுதிகளுக்குச் சிதறினார்கள். கொன்று புதைத்ததை 1999-ல் ஒப்புக்கொண்டார்கள். காணாமல் ஆக்கப்பட்டோரைத் தேட அந்த வருடம் ஓர் ஆணையமும் அமைந்தது. அதனிடம் சொல்லும் தகவலை வழக்குக்குப் பயன்படுத்த முடியாது. தண்டனையை விட்டுக்கொடுத்து எலும்புகளையாவது குடும்பத்துக்குத் திருப்பித் தருவோம் என்ற ஏற்பாடு அது. ஜீனின் எச்சங்கள் 2003-ல் அயர்லாந்தின் லவுத் மாவட்டக் கடற்கரையில் அகப்பட்டன.

டெரியின் ஞாயிற்றுக்கிழமைக்கு மறுவிசாரணை 1998-ல் தொடங்கியது. நீதிபதி சாவில் பிரபு பன்னிரண்டு வருடம் விசாரித்தார். 2010 ஜூன் 15 அன்று அறிக்கையை முன்கூட்டியே படிக்க கில்ட்ஹால் மண்டபத்துக்குள் போயிருந்த குடும்பத்தினர், வெளியே நின்ற கூட்டத்துக்கு ஜன்னல் வழியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்கள். சுடப்பட்ட யாரும் உயிருக்கு ஆபத்தாக எதையும் செய்யவில்லை என்றது அறிக்கை. பிரதமர் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். விட்ஜரி அறிக்கையின் பிரதியை கில்ட்ஹாலுக்கு வெளியே சதுக்கத்திலேயே கிழித்துப் போட்டார்கள்.

தண்டனை மட்டும் யாருக்கும் இல்லை. 'சிப்பாய் எஃப்' என்று மட்டும் அறியப்பட்ட ஒருவர்மேல் நடந்த கொலை வழக்கில், 2025 அக்டோபரில் பெல்ஃபாஸ்ட் நீதிமன்றம் சான்று போதாது என்று அவரை விடுவித்தது. அதற்கு முன்பே, 2023-ல், மோதல் கால மரண விசாரணைகளையும் சிவில் வழக்குகளையும் நிறுத்தும் சட்டத்தை லண்டன் கொண்டுவந்தது. எதிலும் ஒத்துப்போகாத வட அயர்லாந்துக் கட்சிகள் அதை எதிர்ப்பதில் மட்டும் ஒன்றாக நின்றன. அதை மாற்றும் மசோதா 2025-ல் நாடாளுமன்றத்துக்கு வந்தது. 1972-ல் இருபது வயதில் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது எழுபதைக் கடந்துவிட்டார்கள். அவர்கள் கூண்டேறிச் சாட்சி சொல்லத் தெம்போடு இருக்கும்போதே விசாரணைகள் நடந்தாக வேண்டும்.