கிடை கலைந்த கீதாரிகள்

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்குப் பூர்வீகமாகிய இராமநாதபுரச் சீமையில், வானம் பொய்த்த காலங்களில் சிலர் நாகப்பட்டினத்தில் ‘ரஜூலா’ கப்பலேறிப் பினாங்கை வந்தடைய, வேறு சிலர் செம்மறி மந்தைகளை ஓட்டிக்கொண்டு காவிரிப் படுகையை நோக்கி நடந்தனர்.

கீதாரி என்னும் தலைவனின் கீழ், அறுவடை முடிந்த வயல்களில் மந்தையை இரவெல்லாம் அடைத்துக் கிடை போட்டு, ஆட்டுப் புழுக்கையால் மண்ணுக்கு உரமூட்டி, அதற்கு நிலத்துக்காரர் அளந்த நெல்லையோ பணத்தையோ பெற்று, மழைக்காலத்தில் ஊர் திரும்புவதே அவர்களுடைய ஜீவன முறை. வேளாண்மைக்கும் மேய்ச்சலுக்கும் இடையே இதனினும் நேர்த்தியான பரஸ்பர உபகாரம் உண்டோ!

ரசாயன உரம் கிடையின் மதிப்பைக் குறைத்தது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை அறுபது சதவீதத்துக்கும் மேல் குறைந்து, 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதுமே வறட்சிப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டபோது, மந்தையை விற்றுக் கூலி வேலைக்குப் போவதே சிலருக்கு எஞ்சிய மார்க்கமாயிற்று.

ஓரிடத்தில் நிலைத்துவிட்டால் பிள்ளைகள் ஒரே பள்ளியில் ஆண்டு முழுவதும் படிக்கலாம் என்பது மறுக்கவொண்ணாத லாபம். ஆயினும், 1974-75 பஞ்சத்துக்குப் பின் சோமாலிய அரசு தன் நாடோடி இடையருள் ஒரு பகுதியினரைக் கடற்கரையில் மீனவராகக் குடியேற்றியும், மழை திரும்பியதும் அவர்களுள் பலர் மேய்ச்சலுக்கே மீண்டதை எண்ணுகையில், வீட்டு மனையோடு கண்மாய்க் கரைகளில் மேய்ச்சல் உரிமையையும் கீதாரிகளுக்கு வழங்குவதே நியாயம் என்பது என் திடமான அபிப்பிராயம்.