ஆத்தங்கரையோரம் மூணு கோபுரம்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. செமஸ்டர் ஸ்டூடியோ பெண்டு நிமித்திடுச்சு மக்களே. ஹாம்பர்க்கில் நகர வடிவமைப்பு முதுகலை படிக்கிறேன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். இந்த முறை கொடுத்த வேலை இதுதான்: எல்பே ஆற்றின் தென்கரையில் ஒரு பழைய சரக்கு முனையம். அங்கே வீடு, ஆபீஸ், கடை, பள்ளிக்கூடம், உயரமான கோபுரங்கள், சும்மா வந்து உட்கார ஒரு திடல் எல்லாம் சேர்ந்த பேட்டை ஒண்ணை வரையணும்.

நான் 100 மீட்டரில் மூணு கோபுரம் வெச்சேன். முழுத் தரையையும் 9 மீட்டருக்கு உசத்தி, கரையோரம் கனமா ஒரு சுவர். இடைக்கால ஜூரியில் ஆசிரியர் என் மாடலை ஒரு சுத்து சுத்தி வந்துட்டு, "இதுல ஒரு குழந்தை தண்ணியைத் தொடணும்னா எங்கே போகணும்?"னு கேட்டார். போக வழியே இல்லை. அசடு வழிய நின்னேன்.

அடுத்த கேள்வி நிழல். இங்கே டிசம்பர் மதியம் சூரியன் 13 டிகிரிக்கு மேல ஏறாது. 100 மீட்டர் கோபுரத்தோட நிழல் சுமார் 430 மீட்டர் நீளும். அதே கோபுரம் சென்னையில் நின்னா 75 மீட்டர் கூட வராது. நாம நிழலைத் தேடி வடிவமைச்சுப் பழகின கூட்டம், இவங்க நிழலை விரட்டுற கூட்டம். என் கோபுரங்கள் திடலுக்குத் தெற்கே நின்னதால, குளிர்காலம் முழுக்கத் திடல் இருட்டு!

எதிர்க்கரையில் இருக்கு ஹாஃபென்சிட்டி. 157 ஹெக்டேர் பழைய துறைமுக நிலம். 2000-ல் மாஸ்டர் பிளான் போட்டு இன்னும் கட்டிக்கிட்டே இருக்காங்க. வடகடல் புயலடிச்சா எல்பே எதிர்த்து ஏறும். 1962 பிப்ரவரி வெள்ளத்தில் இந்த ஊரில் மட்டும் 315 பேர் செத்தாங்க. ஹாஃபென்சிட்டி கரையணைக்கு வெளியே கிடக்கு. அதைச் சுத்திப் புதுசா அணை கட்டாம, கட்டடங்களைக் கடல் மட்டத்துக்கு மேல 8, 9 மீட்டர் மண்மேட்டில் ஏத்திட்டாங்க. மேட்டு வயித்துக்குள்ள கார் நிறுத்தம், அதுக்கு வெள்ளக் கதவு. கரையோர நடைபாதையை மட்டும் பழைய உயரத்திலேயே விட்டுட்டாங்க. 2013 டிசம்பரில் சேவர் புயல் வந்து தண்ணி 6.09 மீட்டர் ஏறினப்போ நடைபாதை முழுகுச்சு. மறுநாள் கழுவி விட்டாங்க. அவ்வளவுதான்.

நிலத்தை விக்கிற விதமும் எனக்குப் பிடிச்சது. கட்டுறவருக்கு முதலில் நிலத்தை ஒதுக்கி மட்டும் வைப்பாங்க. அவர் கட்டடக்கலைப் போட்டி நடத்தி, அனுமதி வாங்கின பிறகுதான் விற்பனை. ஆனா எல்லாம் ஒழுங்குன்னு நினைச்சுடாதீங்க. கிழக்கு முனையில் 245 மீட்டருக்குத் திட்டமிட்ட எல்ப்டவர், 2023 அக்டோபரில் கட்டினவங்க கிட்ட காசு தீர்ந்து 100 மீட்டரில் நின்னு போச்சு. அதைப் பார்த்த பிறகும் மூணு கோபுரம் வெச்ச எனக்கு எவ்வளவு கொழுப்பு!

சரி, நடைபாதையைத் தாழ்வா விடணும்னு புரிஞ்சுது. கை வரலை. அதுக்குக் காரணம் சைதாப்பேட்டை. 2015 டிசம்பரில் அடையாறு எங்க வீட்டுக் கீழ்த்தளத்தை முழுங்கினப்போ நான் பத்தாவது. பாட்டியை நாற்காலியோட மொட்டை மாடிக்குத் தூக்கினோம். ராத்திரி முழுக்க அவங்களுக்கு மூச்சு இழுத்துச்சு. மறுநாள் படகு வந்துதான் ஆஸ்பத்திரி. தண்ணியை நானே உள்ளே கூப்பிடுற மாதிரி கோடு போட எப்படி மனசு வரும்?

இருந்தாலும் போட்டேன். சுவரை எடுத்துட்டு 4.5 மீட்டர் வரைக்கும் படிக்கட்டு. மூணு கோபுரம் ஒண்ணாச்சு, அதுவும் ஒல்லியா, நிழல் ஆத்துல விழற மாதிரி கரையோர மூலையில். ஆத்தைப் பார்க்கிற கீழ்த்தளத்துக்கெல்லாம் 5 மீட்டர் உயரம், கடையோ நூலகமோ வர. மூணில் ஒரு பங்கு வீடு அரசு மானிய வாடகைக்கு.

ஞாயித்துக்கிழமை வீடியோவில் அம்மாகிட்ட காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "படியெல்லாம் அழகா இருக்குடா. தண்ணி வந்தா ஆம்புலன்ஸ் எந்த வழியா வரும்?"னாங்க.

வீடெல்லாம் மேட்டில், ஆனா ஊருக்குப் போற ரோடு தாழ்வில். தண்ணி ஏறினா என் பேட்டை ஒரு தீவு. ஆசிரியர், ஜூரி, நான், யார் கண்ணிலும் படலை. ஹாஃபென்சிட்டியில் இதுக்குன்னே கிபல்ஷ்டேக்னு ஒரு உயரப் பாலம் இருக்கு, வெள்ளத்திலும் தீயணைப்பு வண்டி போக. தினம் அதுல சைக்கிள் ஓட்டுறேன், எதுக்கு அவ்வளவு உசரம்னு ஒரு நாளும் யோசிச்சதில்லை.

வியாழக்கிழமை கடைசி ஜூரி. மாடலில் பாலத்துக்கு இடமில்லை, பள்ளிக்கூடத்தை 12 மீட்டர் நகர்த்தணும். பசை காயிற நேரத்தில்தான் இதை எழுதிட்டிருக்கேன்.