சீதாதேவி பறந்த வழி

இராவணன் வீழ்ந்தபின் சீதை இலங்கையை நீங்கிப் புட்பக விமானத்தில் வடதிசை ஏகினாள் என்பது இராமகாதை. 1947ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 10ஆம் நாள் இரத்மலானையிற் புறப்பட்டு, காங்கேசன்துறையில் இறங்கி, கடல் தாண்டிச் சென்னை சேர்ந்த டகோட்டா விமானத்துக்கும் 'சீதாதேவி' என்பதே பெயர். இதனினும் பொருத்தமான பெயரைப் பண்டிதர் அவை ஒன்று கூடியிருந்தும் தேர்ந்திருக்க இயலாது.

அதுவே ஏர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணம். நாடு சுதந்திரம் எய்துதற்கு இரண்டு திங்களும் இல்லாத வேளை அது. போக்குவரத்து அமைச்சர் ஜோன் கொத்தலாவலையின் ஊக்கத்தால் அரசு தொடங்கிய இந்நிறுவனத்தின் கையில் இருந்தவை மூன்று டகோட்டாக்கள். ஏனைய இரண்டும் விகாரமாதேவி, சுனேத்திராதேவி எனப் பெயர் பெற்றன. முன்னவள் துட்டகைமுனுவின் தாய். பின்னவள் கோட்டை வேந்தன் ஆறாம் பராக்கிரமபாகுவின் தாய். அவ்வேந்தன் காலத்திற்றான், யாழ்ப்பாணத்தை வென்ற சப்புமல் குமாரனிடம் தெவிநுவரையிலிருந்து குயிலைத் தூதுவிடும் 'கோகில சந்தேசய' சிங்களத்தில் எழுந்தது. தமிழ்த் தூதிலக்கியம் கற்கும் மாணவர் அதனையும் ஒருமுறை நோக்குதல் நலம். தென்கோடிக்கும் வடகோடிக்கும் வானவழி காணும் ஆசை நேற்றுத் தோன்றியதன்று.

ஆயின் நிறுவனத்தின் கண் இச்சிறு வழியில் நிலைக்கவில்லை. 1949இல் ஆஸ்திரேலிய நிறுவனமொன்றைப் பங்காளியாக்கி இலண்டனும் சிட்னியும் சென்றது. பின்னர் 1956இல் டச்சுக்காரரின் கே.எல்.எம்., 1962இல் பிரித்தானியரின் பி.ஓ.ஏ.சி., 1972இல் பிரெஞ்சுக்காரரின் யு.டி.ஏ. எனத் துணைகள் மாறின. இரவற் சிறகு கொண்டு பறந்த கதை இது. அதன் மெய்யான தொண்டு யாழ்ப்பாண வழியிலேயே இருந்தது என்பது என் துணிபு. பலாலிக்குக் கொழும்பினும் திருச்சி அண்மையது. வானவழியே சென்றால் ஒன்று ஏறத்தாழ 330 கிலோமீற்றர். மற்றது 190க்குள் அடங்கும். நூலும் துணியும் மருந்தும் நாடிக் கடல் கடந்தோர்க்கு இக்கணக்கு நன்கு விளங்கும்.

ஒன்று சொல்லாமல் விடலாகாது. கண்டிக்கும் குருநாகலுக்கும் இடைப்பட்ட கலகெதரக் கணவாயில் வாழும் எனக்கு, இந்தியப் பயணம் என்றவுடன் விமானம் நினைவில் எழுவதில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியா ஏற்க இசைந்த மலையகத் தமிழர் 5,25,000 பேர். அவ்வாறு சென்றோர் புகைவண்டியில் தலைமன்னார் போய்க் கப்பலேறி இராமேசுவரம் சேர்ந்தனர். அவ்வண்டிக்கு மலையகத்தார் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. புட்பக விமானம் எத்தனை பேர் ஏறினும் இன்னும் ஒருவர்க்கு இடந்தருமாம். டகோட்டாவின் கதவு பயணச்சீட்டுக்குப் பொருளுடையார்க்கே திறந்தது.

1978ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் நாள், புதிய அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த அன்றே, இரத்மலானையில் நின்ற ஏர் சிலோனின் ஆவ்ரோ விமானம் தமிழ் இளைஞர் இயக்கம் ஒன்று வைத்த குண்டினால் எரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. முன்னரே சீர்கேட்டால் நலிந்திருந்த நிறுவனமும் அவ்வாண்டிற் கலைந்தது. 1979 செப்டெம்பர் 1இல் ஏர் லங்கா தோன்றிற்று. போர் மூண்டபின் பலாலி படைத்தளமாயிற்று. ஓடுபாதையைச் சூழ்ந்த ஊரவர் வீடிழந்து அகன்றனர்.

நாற்பத்தொரு ஆண்டுகள் கழிந்தபின், 2019 அக்டோபர் 17இல் அத்தளம் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பெற்றது. நவம்பரில் அலையன்ஸ் ஏர் சென்னையிலிருந்து பறக்கத் தொடங்கியது. கொள்ளைநோயால் 2020இல் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் வந்தது. வந்தது சிறிய விமானமே. டகோட்டாவைப் போல் அதற்கும் விசிறிகள் இரண்டு.