மலிவு விலை மடக்கு சைக்கிளை மின்சைக்கிளாக மாற்றுதல்

மடக்கு சைக்கிளை மின்சைக்கிளாக மாற்றுதல் என்பது, மிதித்து ஓட்டும் ஒரு மடக்கு சைக்கிளில் மோட்டார், பேட்டரி, கண்ட்ரோலர் ஆகியவற்றைப் பொருத்தி, மிதிப்பவரின் உழைப்போடு மின்விசையையும் சேர்த்துக்கொள்வதாகும். சைக்கிளின் பெடல், செயின், கியர் எதுவும் நீக்கப்படுவதில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டால் வழக்கம்போல் மிதித்தே வீடு வந்து சேரலாம். இதற்குத் தேவையான பாகங்கள் அனைத்தும் ஒரே தொகுப்பாக, 'கன்வெர்ஷன் கிட்' என்ற பெயரில் விற்கப்படுகின்றன.

தொகுப்பை வாங்கிப் பொருத்துவது பெரிய வித்தை அல்ல. ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் ஒரு நாளில் முடித்துவிடலாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விலை குறைந்த மடக்கு சைக்கிளின் ஃபோர்க், மடிப்புக் கீல், பிரேக் ஆகியவை மனிதக் கால்கள் தரும் விசைக்கும் மணிக்கு 15, 20 கி.மீ. வேகத்துக்கும் ஏற்றவாறு செய்யப்பட்டவை. எனவே இங்கு கேட்க வேண்டியது எவ்வளவு பெரிய மோட்டாரை மாட்டலாம் என்பதல்ல. எவ்வளவு சிறிய மோட்டாரைக் கொண்டு வேலையை முடிக்கலாம் என்பதே.

எவ்வளவு ஆற்றல் போதும்

75 கிலோ எடையுள்ள ஒருவர், மாற்றம் செய்யப்பட்ட 20 கிலோ எடையுள்ள சைக்கிளில் செல்கிறார் எனக் கொள்வோம். மொத்தம் 95 கிலோ. காற்றில்லாத சமதளச் சாலையில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் செல்ல அவருக்குச் சக்கரத்தில் ஏறத்தாழ 100 வாட் ஆற்றல் வேண்டும். இதில் பாதிக்கும் மேல் காற்றைத் தள்ளவும் மீதி டயரின் உராய்வை வெல்லவும் செலவாகிறது. அதே மனிதர் 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் மேம்பாலச் சரிவில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஏறினால் தேவை 250 வாட் அளவுக்கு உயர்கிறது. பழக்கமில்லாத ஒருவர் சற்று நேரம் களைப்பின்றித் தரக்கூடியது 75 முதல் 100 வாட். ஆக, மோட்டாரின் பங்கு சமதளத்தில் மிகக் குறைவு, மேட்டில் ஏறத்தாழ 150 வாட்.

250 வாட் மோட்டார் நகரப் பயணத்துக்குப் போதும் என்பது இந்தக் கணக்கிலேயே தெரிகிறது. சந்தையில் 500, 1000 வாட் தொகுப்புகளும் கிடைக்கின்றன. அவற்றின் விலை பெரிதாக வேறுபடாததால் ஆசை எழுவது இயல்பு. மடக்கு சைக்கிளைப் பொறுத்தவரை அந்த ஆசையைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவது நல்லது.

சிறிய சக்கரத்தின் சாதகம்

மலிவு விலை மடக்கு சைக்கிள்களில் பெரும்பாலானவை 20 அங்குலச் சக்கரம் கொண்டவை. டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 406 மி.மீ. இந்த எண் டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்டிருக்கும். 20 அங்குலம் என்ற பெயரிலேயே 451 மி.மீ. ரிம்மும் உண்டு. ஒன்றின் டயர் மற்றொன்றில் ஏறாது. ஆகவே மோட்டார் கோத்த சக்கரத்தை வாங்குமுன் பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பார்க்க வேண்டும்.

சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பிலேயே அமையும் மோட்டாருக்குச் சிறிய சக்கரம் நல்ல துணை. மோட்டார் 30 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது என்றால், 26 அங்குலச் சக்கரத்தில் அது சாலையைத் தள்ளும் விசை சுமார் 90 நியூட்டன். 20 அங்குலச் சக்கரத்தில் அதுவே 120 நியூட்டன் ஆகிறது. நெம்புகோலின் நீளம் குறைந்தால் விசை கூடும் என்ற பள்ளிப்பாடம்தான் இது. மேடு ஏறும்போது இந்த வேறுபாட்டைக் காலில் உணரலாம்.

இதற்கு ஈடாக வேகம் குறைகிறது. 20 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் கடக்கும் தூரம் ஏறத்தாழ 1.55 மீட்டர். மணிக்கு 25 கி.மீ. செல்ல அது நிமிடத்துக்கு 270 முறை சுழல வேண்டும். 26 அங்குலச் சக்கரத்துக்கு 200 சுழற்சி போதும். பெரிய சக்கரத்துக்கெனச் சுற்றப்பட்ட 200 சுழற்சி மோட்டாரைச் சிறிய சக்கரத்தில் கோத்தால் மணிக்கு 18, 19 கி.மீ.க்கு மேல் போகாது. விற்பவரிடம் வாட் எவ்வளவு என்று கேட்பவர்கள் பலர், நிமிடச் சுழற்சியைக் கேட்பவர்கள் குறைவு. கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

ஹப் மோட்டாரில் இரு வகை உண்டு. உள்ளே சிறு பற்சக்கரங்கள் கொண்ட கியர் ஹப் 2 முதல் 2.5 கிலோ எடையுள்ளது. மின்சாரம் இல்லாதபோது தடையின்றிச் சுழலும். பற்சக்கரம் இல்லாத நேரடி மோட்டார் அதைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு எடை கொண்டது, மிதிக்கும்போது இழுக்கவும் செய்யும். மடக்கு சைக்கிளுக்குக் கியர் ஹப்பே பொருத்தம். பெடல் அச்சில் பொருத்தும் நடு மோட்டாரும் உண்டு. ஆனால் மடித்தபோது சைக்கிளின் இரு பாதிகளும் நெருங்கி அமரும் இடத்தில் அது நீட்டிக்கொண்டிருப்பதால், பல மாடல்களில் மடிப்பு முழுமையடைவதில்லை.

முன் ஃபோர்க்: கவனிக்க வேண்டிய முதல் இடம்

மோட்டாரை முன் சக்கரத்தில் மாட்டுவது எளிது. கியர், செயின் எதையும் தொட வேண்டியதில்லை. பழைய சக்கரத்தைக் கழற்றி, மோட்டார் கோத்த புதிய சக்கரத்தை மாட்டினால் முடிந்தது. பிரிட்டனின் பிராம்ப்டன் நிறுவனம் 2017-இல் அறிமுகப்படுத்திய தன் முதல் மின்சைக்கிளிலும் 250 வாட் மோட்டார் முன் சக்கரத்தில்தான் இருந்தது. ஆனால் அது அந்த மோட்டாருக்கென வடிவமைத்த ஃபோர்க். நம்மிடம் இருப்பது அப்படியல்ல.

முதலில் அகலத்தை அளக்க வேண்டும். ஃபோர்க்கின் இரு நுனிகளுக்கும் இடைப்பட்ட அகலம் பொதுவாக 100 மி.மீ. டாஹோன் போன்ற சில மடக்கு சைக்கிள்களில் இது 74 மி.மீ. மட்டுமே. அவற்றுக்குக் குறுகிய அச்சுள்ள தனி மோட்டார் வேண்டும். 74 மி.மீ. ஃபோர்க்கை விரித்து 100 மி.மீ. மோட்டாரைத் திணிப்பது, ஃபோர்க்கை உடைக்க நாள் குறிப்பதற்குச் சமம்.

அடுத்தது அச்சு உட்காரும் பிளவு. சாதாரண சக்கரத்தின் அச்சு சும்மா நிற்கும், சக்கரம் மட்டும் அதன்மேல் சுழலும். ஹப் மோட்டாரிலோ சக்கரத்தை முன்னோக்கித் தள்ளும் அதே விசையோடு அச்சு பின்னோக்கித் திரும்ப முயலும். அதைத் தடுக்கவே மோட்டார் அச்சின் இரு பக்கமும் தட்டையாகச் சீவப்பட்டிருக்கும். தட்டைப் பகுதியின் அகலம் பெரும்பாலும் 10 மி.மீ. பிளவு 9 மி.மீ. இருந்தால் அரத்தால் சிறிது சிறிதாகத் தேய்த்துப் பொருத்தலாம். தேய்க்கும்போது தளர்வு வந்துவிடக் கூடாது. தளர்ந்த பிளவில் அச்சு முன்னும் பின்னும் ஆடி, ஒருநாள் முழுதாகத் திரும்பிவிடும். அப்போது மோட்டார் ஒயர் முறுக்கி அறுபடும், சக்கரம் ஃபோர்க்கை விட்டு வெளியே வரும். முன் சக்கரம் கழன்றால் ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார், சுதாரிக்க நேரமிருக்காது.

இதற்கான காப்பு, 'டார்க் ஆர்ம்' எனப்படும் இரும்புப் பட்டை. அதன் ஒரு முனை அச்சின் தட்டைப் பகுதியைக் கவ்வும், மறுமுனை ஃபோர்க்கின் காலோடு கிளிப்பால் இறுக்கப்படும். விலை மிகக் குறைவு. பல தொகுப்புகளில் இது வருவதில்லை, தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். ஃபோர்க் இரும்பால் ஆனதா என்பதைக் காந்தம் வைத்துப் பார்த்துவிடலாம். இரும்பு வளைந்து எச்சரிக்கை தரும். அலுமினியமோ முன்னறிவிப்பின்றிப் பிளக்கக்கூடியது. அலுமினிய ஃபோர்க், அல்லது முன்பக்க ஷாக் அப்சார்பர் உள்ள மலிவு ஃபோர்க் என்றால் முன் மோட்டாரைத் தவிர்த்துப் பின் சக்கர மோட்டாரைத் தேடுவதே நல்லது. வேலை கூடும், பின்பக்க அகலமும் 130 அல்லது 135 மி.மீ. இருக்க வேண்டும். ஆனாலும் அந்தப் பகுதி ஃபோர்க்கைவிடத் திடமானது.

பேட்டரி

செலவில் பெரும்பங்கு பேட்டரிக்குப் போகிறது. ஏமாற்று வேலை அதிகம் நடப்பதும் இங்கேதான்.

36 வோல்ட் பேட்டரி என்பது 3.6 வோல்ட் கொண்ட லித்தியம் அயனி மின்கலங்கள் பத்தைத் தொடராக இணைத்தது. முழுமையாக மின்னேறிய நிலையில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட், மொத்தம் 42 வோல்ட். 18650 என்ற வகை மின்கலம் 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்டது. 2.5 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள 40 மின்கலங்களை நான்கு வரிசையாக அமைத்தால் 10 ஆம்பியர்-மணி, அதாவது 360 வாட்-மணி கிடைக்கும். கூட்டோடு சேர்ந்து எடை இரண்டரை கிலோவை ஒட்டி வரும். கூடவே மிதித்து ஓட்டினால் ஒரு கி.மீ.க்கு 8 முதல் 12 வாட்-மணி செலவாகும் என்பதால், 30 கி.மீ. வரை நம்பிப் போகலாம். முழுமையாக மின்னேற்ற அரை யூனிட்டுக்கும் குறைவான மின்சாரமே செலவாகும். பழைய ஈய-அமில பேட்டரியில் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கொண்ட மூன்றைச் சேர்த்தால் 250 வாட்-மணிதான் தேறும், எடையோ 6, 7 கிலோ. கையில் தூக்க வேண்டிய சைக்கிளுக்கு அது ஆகாது.

எடை குறையட்டும் என்று மிகச் சிறிய பேட்டரியை வாங்குவதிலும் ஓர் ஆபத்து உண்டு. கண்ட்ரோலர் 15 ஆம்பியர் இழுக்கிறது என்றால், நான்கு வரிசைப் பேட்டரியில் ஒவ்வொரு மின்கலமும் தருவது 3.75 ஆம்பியர். இரு வரிசைப் பேட்டரியில் 7.5 ஆம்பியர். சாதாரண மின்கலங்கள் பல 5 ஆம்பியரையே தாங்கும். அதற்குமேல் சூடாகி விரைவில் தேயும். சிறிய பேட்டரி வேண்டுமென்றால் கண்ட்ரோலரும் 10 ஆம்பியருக்குள் இருக்கட்டும்.

ஒவ்வொரு மின்கல வரிசையின் மின்னழுத்தத்தையும் கண்காணித்து, எல்லை மீறினால் துண்டிக்கும் 'பி.எம்.எஸ்.' என்ற மின்சுற்று கட்டாயம் வேண்டும். பழைய மடிக்கணினிகளிலிருந்து எடுத்த மின்கலங்களைச் சேர்த்துப் பற்றவைக்கும் செய்முறைகள் இணையத்தில் நிறைய உள்ளன. படிக்கச் சுவையானவை. வீட்டுக்குள் மின்னேற்றப் போகும் பேட்டரியை அவ்வாறு செய்ய வேண்டாம். சார்ஜரும் 36 வோல்ட் பேட்டரிக்கான 42 வோல்ட் சார்ஜராகவே இருக்க வேண்டும். 48 வோல்ட் பேட்டரியின் சார்ஜர் 54.6 வோல்ட் தருவது. பின் ஒன்றேபோல் இருப்பதால் மாற்றிச் செருக வாய்ப்புண்டு. லித்தியம் பேட்டரியில் பற்றும் தீ தண்ணீர் ஊற்றினால் எளிதில் அணையாது. அணைந்ததுபோல் தோன்றி மீண்டும் பற்றும். ஆகவே வாசற்கதவை ஒட்டிய இடத்திலோ படிக்கட்டின் அடியிலோ மின்னேற்றக் கூடாது. தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும். இரவெல்லாம் சார்ஜில் விட்டுத் தூங்குவதும் கூடாது.

ஒயர்களும் மடிப்பும்

பேட்டரியைப் பின் கேரியரில் வைத்தால், முன் மோட்டாருக்குச் செல்லும் தடித்த ஒயர் சட்டகத்தின் நடுக்கீலைக் கடக்க வேண்டும். மடிக்கும் ஒவ்வொரு முறையும் அது வளையும், கீலின் இடுக்கில் நசுங்கும். ஹேண்டில்பார் தண்டின் முன்பக்கத்தில் ஒரு பையில் பேட்டரியையும் கண்ட்ரோலரையும் வைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. மிதிப்பதை உணரும் சென்சாரின் மெல்லிய ஒயர் மட்டுமே நடுக்கீலைக் கடக்கும். பிராம்ப்டனும் பேட்டரியை முன்பக்கப் பையில் வைத்ததைக் கவனிக்கலாம். பையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டால் தூக்க வேண்டிய சைக்கிளின் எடையும் குறைகிறது. 14, 15 கிலோ சைக்கிள் மாற்றத்துக்குப்பின் 20 கிலோவைத் தொடும் என்பதால், மாடிப்படி ஏறுபவருக்கு இந்த இரண்டரை கிலோ சிறிய விஷயமல்ல. கீல்களைக் கடக்கும் ஒயர்களை, முழுதாக மடித்த நிலையில் ஒருமுறையும் விரித்த நிலையில் ஒருமுறையும் நீளம் பார்த்த பிறகே கட்ட வேண்டும்.

பிரேக்

ஓடும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 95 கிலோ எடை மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் சுமப்பது ஏறத்தாழ 2,300 ஜூல். 40 கி.மீ. வேகத்தில் அது 5,900 ஜூல். அதை அடக்க வேண்டியவை இரண்டு ரப்பர் கட்டைகள். பிரேக் கட்டைகளையும் கேபிள்களையும் மாற்றத்தின்போதே புதிதாகப் போட்டுவிடலாம். பிரேக் பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் உள்ள லீவர்கள் தொகுப்பில் வந்தால் அவற்றைத் தவிர்க்காமல் பொருத்த வேண்டும். முதல் 50 கி.மீ. ஓடியதும் அச்சு நட்டுகள், டார்க் ஆர்ம், சக்கரக் கம்பிகள், கீல் பூட்டுகள் ஆகியவற்றை மீண்டும் இறுக்கிப் பார்ப்பது அவசியம். புதிதாகக் கோத்த சக்கரத்தில் கம்பிகள் சற்றுத் தளர்வது வழக்கம்.

சட்டமும் பயணமும்

இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, மோட்டாரின் ஆற்றல் 250 வாட்டுக்கும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருப்பது உள்ளிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்ட மின்வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் இதே 250 வாட், 25 கி.மீ. எல்லைகள்தான். சிங்கப்பூரில் நிலைமை வேறு. அங்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் முத்திரை பெற்றுப் பதிவு செய்த மின்சைக்கிளை மட்டுமே ஓட்டலாம். எடை 20 கிலோவைத் தாண்டக் கூடாது, கையால் முறுக்கும் திராட்டில் கூடாது. வீட்டில் மாற்றிய சைக்கிளைச் சாலைக்குக் கொண்டுவருவது அங்கு குற்றம்.

லண்டன் போக்குவரத்து நிறுவனம் தீ அபாயத்தைக் காரணம் காட்டி 2025 மார்ச் 31 முதல் மடக்க முடியாத மின்சைக்கிள்களைத் தன் ரயில்களில் தடை செய்தது. மடக்கு மின்சைக்கிள்களுக்கு விலக்கு உண்டு. விமானத்தில் இந்தச் சலுகை இல்லை. 160 வாட்-மணிக்கு மேற்பட்ட லித்தியம் பேட்டரியைப் பயணிகள் கைப்பையிலோ பெட்டியிலோ எடுத்துச் செல்ல முடியாது. சைக்கிளை மடித்துப் பெட்டியில் போடலாம், பேட்டரி வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.