மாவுக்கட்டு பிரிச்சாச்சு, நடை எங்கே?

ஸ்கூட்டரில் இருந்து விழுந்து கால் முறிந்தது. தொடை வரை மாவுக்கட்டு. வாரக்கணக்கில் படுக்கை. கட்டைப் பிரித்ததும் எழுந்து நடந்துவிடலாம் என்று நினைத்தவருக்கு அன்றைக்குத்தான் அதிர்ச்சி! தொடை சூம்பிக் கிடக்கிறது. முட்டி மடங்க மறுக்கிறது.

எலும்பைச் சேர்ப்பது டாக்டர். நடக்க வைப்பது உடற்பயிற்சி சிகிச்சையாளர். ஆஸ்பத்திரியில் 'பிசியோதெரபி' என்று போர்டு மாட்டிய அறையில் இருப்பவர் அவர்தான்.

அமுக்குங்க... விடுங்க!

முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைப்பார். "அமுக்குங்க... 5 எண்ணுங்க... விடுங்க" என்பார். இப்படி 10 தடவை. பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். தொடைச் சதைக்குப் பலம் திரும்புவது இதில்தான்.

காலை ஊன்றலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு கைத்தடி. அடிபட்டது வலது கால் என்றால் தடி இடது கையில்! படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அடிபட்ட கால் முதலில். பஸ் படிக்கட்டுக்கும் இதே கணக்குத்தான்.

நீவாதீங்க!

வலிக்குது என்று நாலே நாளில் நிறுத்துகிறவர்கள் உண்டு. முட்டி விறைத்தபடியே நின்றுவிட்டால் தரையில் உட்கார்ந்து எழுவதே பெரும்பாடு.

எண்ணெய் போட்டு நீவுகிறவர்களும் உண்டு. அடிபட்ட முழங்கையில் இது ஆபத்து. வலுக்கட்டாயமாக நீவினால் சதைக்குள்ளே எலும்பு வளரக்கூடும். கை மடங்காமலே போகலாம்!

சென்னையில் அரசு பெரிய ஆஸ்பத்திரிகளில் இந்தச் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. கே.கே.நகரில் மறுவாழ்வுச் சிகிச்சைக்கென்றே அரசு ஆஸ்பத்திரி உண்டு.

கட்டுப் பிரிக்கிற அன்றே டாக்டரிடம் கேளுங்கள்: "பயிற்சியை எப்போ ஆரம்பிக்கலாம்?"