உங்களுக்குத் தெரியுமா? இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஒரே மாத்திரை

சிங்கப்பூரின் செங்காங் வட்டாரத்தில் 2018-ஆம் ஆண்டு பெரிய பொது மருத்துவமனை திறக்கப்பட்ட பின்னரும், சிறுநீரகமும் இருதயமும் ஒருங்கே தளர்ந்துவரும் முதியவர்களை இடைவிடாது கவனித்துவருபவர்கள், அடுக்குமாடி வீடுகளின் நடுவே உள்ள பலதுறை மருந்தகத்து வைத்தியர்களும் குடும்ப வைத்தியர்களுமே ஆவர். இருதயம் பலவீனப்பட்டால் சிறுநீரகத்துக்குச் செல்லும் ரத்தம் குறைகிறது; சிறுநீரகம் சோர்ந்தால் உப்பும் நீரும் தேங்கி இருதயத்தின் பாரத்தைப் பெருக்குகின்றன.

இவ்விரண்டுக்கும் ஒருங்கே உதவும் மாத்திரைகள் உண்டு. 1835-இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட புளோரிசின் என்னும் கசப்புப் பொருள், சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் தன் விசேஷ குணத்தால், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் முதலிய மாத்திரைகளுக்கு மூலமாயிற்று. நீரிழிவுக்கென்றே தோன்றிய இவை, நீரிழிவு இல்லாதவர்களிடத்தும் இருதயத் தளர்ச்சி, சிறுநீரக நோய் ஆகிய இரண்டின் வேகத்தைத் தணிக்கின்றன என்பதை 2019 முதல் வெளிவந்த ஆராய்ச்சிகள் ஸ்தாபித்தன. இவற்றைத் தொடங்கிய சில வாரங்களில் ரத்தத்தில், சிறுநீரகத்தின் செயலைக் காட்டும் கிரியாட்டினின் அளவு சிறிது உயர்வது இயல்பே. அதைக் கண்டு அஞ்சி, வைத்தியரைக் கேளாமலே மருந்தை நிறுத்திவிடுவதுதான், என் அபிப்பிராயத்தில், பெரிய நஷ்டம். ஆயினும் வாந்தி பேதி கண்ட நாட்களில் அவற்றைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கலாம். அதை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுதல் நலம்.

இந்நோய்கள் உடையவர்கள் மூட்டுவலிக்கென்று ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்றவற்றைத் தாமாக வாங்கி விழுங்கலாகாது. நாள்தோறும் காலையில் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாட்களில் 2 கிலோ கூடினால், கால் வீக்கத்துக்குக் காத்திராமல் உடனே உங்கள் வைத்தியரிடம் செல்லுங்கள்.